விரிசலைப் பூசும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

மிளகுக் கொடி வாடுது, ஜாதிக்காய் பிஞ்சிலேயே உதிருது, பாக்கு குலை தள்ளலை என்று கேட்க வருகிறவர்கள், எழுந்து போகும்போது வாசலில் நின்று இன்னொரு கேள்வியும் கேட்பார்கள். “சார், போன வருசம் கட்டின வீடு. சுவத்துல விரிசல் விட்டிருக்கு. என்ன பண்றது?”

வேளாண்மை படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், பர்லியார் போன்ற மலைச்சரிவில் வீடும் பயிரும் ஒரே மண்ணில்தான் நிற்கின்றன. இரண்டையும் காப்பதும் கெடுப்பதும் தண்ணீர்தான். மிளகில் விரைவு வாடல் வந்தால், மருந்துக்கு முன் வடிகாலைப் பார் என்று சொல்கிறோம். வீட்டு விரிசலுக்கும் முதல் வைத்தியம் அதேதான்.

எந்த விரிசல், எந்தக் காரணம்?

இலை மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறையா, வேர் அழுகலா என்று பார்க்காமல் மருந்து அடிப்பதில்லை. விரிசலிலும் வகை உண்டு.

சிலந்தி வலை மாதிரி, தலைமுடி அளவில் சுவர் முழுக்கப் பரவியிருந்தால் அது பெரும்பாலும் பூச்சில் மட்டும் விழுந்த விரிசல். கலவையில் சிமென்ட் அதிகமானாலும், பூசியபின் சரியாகத் தண்ணீர் காட்டாவிட்டாலும் இது வரும். சாதாரண சிமென்ட் கான்கிரீட்டை குறைந்தது 7 நாளாவது, சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் 10 நாளாவது ஈரமாக வைக்க வேண்டும். பூச்சுக்கும் அந்தக் கவனம் தேவை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக விழும் விரிசலும் பெரிய ஆபத்தில்லை. வெயிலிலும் குளிரிலும் இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது. அந்த இடத்தில் கோழி வலை அடித்துப் பூசினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே படுக்கையாக ஓடும் கோடும் பெரும்பாலும் வெயில் சூட்டால் வருவதுதான்.

கவலைப்பட வேண்டியது வேறு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி கல் இடுக்கு வழியே இறங்குகிற விரிசல். ஒரு முனையில் மெல்லியதாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருப்பது. சுவரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது. இவை அடித்தளம் ஒரு பக்கம் இறங்குகிறது என்பதற்கான அறிகுறிகள். விரிசல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டாயம் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சாய்வு விரிசல் என்றால் அந்த அளவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

தங்கை வீட்டில் நடந்தது

என் தங்கை குடும்பத்துக்கு பர்லியார் பக்கம் சரிவில் கொஞ்சம் பாக்கும் மிளகும் இருக்கிறது. பல வருச மிளகுப் பணத்தைச் சேர்த்து, நகையையும் அடகு வைத்து வீடு கட்டினார்கள். சித்திரையில் பால் காய்ச்சினார்கள். ஐப்பசி மழையில் சமையலறை ஜன்னலுக்குக் கீழே சாய்வாக விரிசல் விட்டது. பின்கதவு நிலையில் இடித்தது.

கட்டிக்கொடுத்தவர் வந்து பார்த்தார். “புது வீடுன்னா அப்படித்தாங்க. பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா போயிடும்” என்றார். அப்படியே செய்தும் கொடுத்தார். கார்த்திகையில் அதே இடத்தில் மறுபடி பிளந்தது.

“அண்ணா, ராத்திரி மழை பெஞ்சா புள்ளைகளைக் கூட்டிட்டு எங்க போறது?” என்று தங்கை கேட்டபோது, சுவர் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தூக்கம்தான் போயிருந்தது. மழை நிற்கும்வரை பக்கத்து ஊரில் மாமியார் வீட்டில் படுக்கச் சொன்னேன். பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு மாப்பிள்ளையும் நானும் விரிசலின் இரண்டு பக்கமும் ஒரு ஆணி அடித்து, இடைவெளியை அளந்து, சுவரிலேயே பென்சிலால் தேதியோடு எழுதினோம். விரிசலின் இரு முனையிலும் கோடு போட்டோம். வாரம் ஒரு முறை அளவுகோல் வைத்து போட்டோ எடுத்தோம். மழை பெய்த வாரங்களில் இடைவெளி கூடியது. தை மாத வெயிலில் நின்றது. மழையோடு நகர்கிற விரிசல் என்பது அதில் உறுதியானது.

வீட்டைச் சுற்றி வந்தோம். சரிவில் மேட்டுப் பக்கம் மண்ணை வெட்டி, பள்ளத்துப் பக்கம் கொட்டி, சமப்படுத்திக் கட்டிய வீடு. முன்பாதி வெட்டிய கெட்டி மண்ணில் நிற்கிறது. சமையலறை மட்டும் கொட்டிய மண்ணில். மூலையில் ஒரு குழி எடுத்துப் பார்த்தபோது, அடித்தளத்துக்குக் கீழே வேரும் இலைச் சருகும் கலந்த பொலபொலப்பான மண். திமிசு போட்டு இறுக்கியதற்கான அடையாளமே இல்லை. போதாததற்கு, சமையலறைக் கழிவுநீர்க் குழாய் அந்த மூலையிலிருந்து இரண்டடியில் முடிந்தது. மேட்டுப் பக்கத்து மழைத் தண்ணீருக்கும் போக வழியில்லை.

என்ன செய்தோம்?

முதலில் தண்ணீர். கழிவுநீரைக் குழாய் வைத்து வீட்டுக்குக் கீழே, தூரத்தில் உள்ள வாழைக்குக் கொண்டுபோனோம். கூரைத் தண்ணீரைத் தகரக் கால்வாயில் பிடித்து ஓடைக்கு விட்டோம். வீட்டுக்கு மேலே சரிவின் குறுக்கே, லேசான வாட்டத்தோடு, தளம் போட்ட வாய்க்கால் எடுத்தோம்.

இங்கே ஒரு விசயம் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் மழை நீரைத் தேக்கக் குழி வெட்டுங்கள் என்று நாங்களே சொல்கிறோம். வீட்டுக்கு மேலே அது கூடாது. அங்கே தண்ணீரைத் தேக்காமல் வெளியே கடத்த வேண்டும். கழிப்பறை உறிஞ்சுகுழியும் வீட்டுக்கு மேட்டில் இருக்கக் கூடாது.

அடுத்து பொறியாளர். அவர் சொன்னபடி, பங்குனியில் அந்த மூலையில் பகுதி பகுதியாகத் தோண்டி, கெட்டி மண் வரை கான்கிரீட் இறக்கினார்கள். பள்ளத்துப் பக்கம் தடுப்புச்சுவர் கட்டி, அதில் தண்ணீர் வடிய பி.வி.சி. குழாய்த் துண்டுகள் வைத்து, பின்னால் ஜல்லி நிரப்பினார்கள். தண்ணீர் வடிய வழியில்லாத தடுப்புச்சுவர் மலையில் அணை மாதிரி. ஒரு மழைக்குத் தாங்கும், அடுத்த மழைக்குச் சாயும். சரிவில் வெட்டிவேர் நட்டோம். அடுத்த மழைக்காலம் முழுக்க ஆணி இடைவெளி மாறவில்லை என்று பார்த்தபிறகே சுவரைப் பூசினோம்.

வீட்டை விட்டு இறங்க வேண்டிய நேரம்

எல்லா விரிசலும் வீட்டோடு நிற்காது. சில நேரம் மலையே நகரும். 1993 நவம்பரில் நம் குன்னூர் சாலையில் மரப்பாலத்தில் நடந்த மண்சரிவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் உத்தரகாண்டின் ஜோஷிமத் நகரில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டு, குடும்பங்களை வெளியேற்றினார்கள். 2024-ல் நம் மாவட்டத்திலேயே கூடலூர் அருகே கோக்காலில் வீடுகளில் விரிசல் விழுந்து, புவியியல் ஆய்வுத் துறையினர் வந்து பார்த்தார்கள்.

வீட்டுக்கு மேலே தரையில் பிறை வடிவில் வெடிப்பு, ஒரே பக்கம் சாயும் மரங்களும் மின்கம்பங்களும், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, புது இடத்தில் ஊற்று கிளம்புவது, அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஒரே வரிசையில் விரிசல். இதில் ஒன்றைப் பார்த்தாலும், மழை நாளில் யோசிக்காதீர்கள். ஆளும் மாடும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு, 1077 எண்ணிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள்.

கட்டிக்கொடுத்தவரிடம் கேட்பது எப்படி?

சண்டை வேண்டாம், கணக்கு வேண்டும். தேதி போட்ட படங்களையும், பணம் கொடுத்த ரசீதுகளையும், பொறியாளரின் எழுத்து அறிக்கையையும் மாப்பிள்ளை எடுத்து வைத்ததும், பட்டி பார்க்கச் சொன்னவரே ஆள் கூலியை ஏற்றுக்கொண்டார். ஏற்காவிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிள்ளைகள் நகரத்தில், ரெரா பதிவு பெற்ற அடுக்குமாடியில் வீடு வாங்கியிருந்தால், சாவி வாங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் எழுத்தில் தெரிவிக்கும் கட்டுமானக் குறையை, 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டியது கட்டியவரின் பொறுப்பு.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாள் ஒதுக்குங்கள். வாய்க்காலில் சருகு அள்ளுங்கள். தடுப்புச்சுவர்த் துளைகளில் குச்சி விட்டு அடைப்பு எடுங்கள். பழைய விரிசலுக்குப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது நிற்கிற இடத்தில்தான் அடுத்த வருசச் செலவு நிற்கிறது.