வேடமும் விழியும்

பெண்ணின் உடைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் உடுப்பவரா, பார்ப்பவரா என்னும் வழக்கு நம் வீடுகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கில் நான் நெடுங்காலம் பார்ப்பவர் கட்சியிலே நின்றவள். சென்ற ஆண்டு ரொறன்ரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது என் கட்சி சற்றே ஆட்டங்கண்டது.

என் பேர்த்திக்கு வயது பத்தொன்பது. சித்திரக்கதை அபிமானிகள் கூடும் விழாவுக்குத் தனக்குப் பிடித்த கதைமாந்தராக வேடம் புனைந்து செல்வது அவள் வழக்கம். இதனைக் ‘கொஸ்பிளே’ என்கிறார்கள். பெயர் 1980களில் யப்பானிலே பிறந்தது. வழக்கமோ அதனினும் பழையது. 1939 இல் நியூயோர்க்கில் நடைபெற்ற முதலாவது உலக விஞ்ஞானக்கதை மாநாட்டுக்கு, மேர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி, வருங்கால மனிதரின் உடை இதுவெனத் தாமே தைத்தவற்றைத் தாமும் அணிந்து, நண்பர் பொரஸ்ட் அக்கர்மனுக்கும் அணிவித்து வந்தார். தையல் தெரிந்த ஒரு பெண்ணின் கைவண்ணம் என்று அறிந்ததும் எனக்கும் அக்கலையின்மேல் ஒரு பட்சம் உண்டாயிற்று.

பேர்த்தி தெரிந்தெடுத்த வேடம் ‘செயிலர் மூன்’. நவோகோ தக்கேயூச்சி என்னும் யப்பானியப் பெண்மணி 1991 இன் இறுதியில் வெளியிடத் தொடங்கிய கதையின் நாயகி அவள். மாலுமிக் கழுத்துப்பட்டி, மார்பிலே சிவப்பு நாடாமுடிச்சு, நீலப் பாவாடை. பாவாடையோ முழங்காலுக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது.

“நான்கு அங்குலம் கீழே இறக்கு பிள்ளை” என்றேன்.

“இறக்கினால் அது அவள் அல்ல, அம்மம்மா.”

ஈற்றில், உள்ளே குறுங்காற்சட்டையும் தோல்நிறத் தடித்த காலுறையும் அணிவது என்று உடன்படிக்கை செய்தோம். பாவாடையின் மடிப்புகளை நானே பிடித்துக் கொடுத்தேன்.

அவ்வுலகம் கட்டுப்பாடு அற்றதன்று. யப்பானில் 1975 இல் தொடங்கிய கொமிக் மார்க்கெட் விழாவுக்கு வீட்டிலிருந்து வேடத்துடன் வருதல் ஆகாது. அங்குள்ள அறையிலே மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்க வேடப் போட்டிகளிலோ, சிலர் ஆடையின்றி மேடையேறப்போய், ‘உடையின்மை ஓர் உடையாகாது’ என்னும் விதி பிறந்தது.

விழா மண்டபத்தில் பலரும் பேர்த்தியிடம் அனுமதி கேட்டே படம் எடுத்தனர். ஒரு சிறுமி ஓடிவந்து அவள் கையைப் பற்றிக்கொண்டு விட மறுத்தாள். எனக்கும் உள்ளூரப் பெருமை. அப்பொழுதுதான், நகரும் படிக்கட்டிலே எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவன் குனிந்து, கைத்தொலைபேசியைத் தாழப் பிடிப்பதைக் கண்டேன். கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு அங்கியில் மந்திரவாதி வேடமிட்ட ஒரு பெண் சட்டென்று இடையிலே புகுந்து அவனை மறைத்து நின்றாள். அவன் விலகிப் போய்விட்டான்.

என் வாயில் முதலில் வந்த சொல், “நான் அப்பொழுதே சொன்னேனே” என்பதுதான். பேர்த்தியின் முகம் வாடிற்று. நான் என்ன சொன்னேன் என்று அங்கிக்காரி கேட்க, அவள் மொழிபெயர்த்தாள். “இன்று காலை கேளாமலே ஒருவன் என் இடையிலே கைபோட்டான். என் அங்கியை இன்னும் எத்தனை அங்குலம் இறக்கலாம் என்று உங்கள் அம்மம்மாவிடம் கேளுங்கள்” என்றாள் அப்பெண். என்னிடம் விடையில்லை.

வாயிலிலே ஒரு பலகை இருந்தது: வேடம் அணிதல் சம்மதம் அளித்தல் ஆகாது என்று. 2014 இல் நியூயோர்க் விழாவிலும் இத்தகைய பலகைகளை வைத்தார்களாம். உள்ளே போகும்போது நான் அதனைப் படிக்கவில்லை. திரும்பும்போது நின்று படித்தேன்.

மறுநாள் விழாவுக்குப் போவதில்லை என்று பேர்த்தி உடையை மூலையிலே சுருட்டிப் போட்டுவிட்டாள். அன்றிரவு நான் அதனை எடுத்து, மடிப்புக் குலையாமல் மினுக்கி, அவளது அறைக் கதவிலே தொங்கவிட்டேன். காலையில் இருவருமாகவே போனோம்.

அப்பாவாடை நான்கு அங்குலம் நீண்டிருந்தால் அழகாகவே இருந்திருக்கும் என்பது இன்றும் என் கருத்து. ஆனால் அந்த நான்கு அங்குலத்துக்கும் அவன் குனிந்ததற்கும் சம்பந்தமில்லை என்பதை அறிந்துகொண்டேன். எப்படி உடுப்பது என்று பெண்பிள்ளைகளுக்கு நாம் நாள்தோறும் சொல்லிக்கொடுக்கிறோம். எப்படிப் பார்ப்பது என்று ஆண்பிள்ளைகளுக்கு ஒருநாளேனும் சொல்லிக்கொடுத்தோமா?