டிரேக் கடலுக்கு முன்

கடலே இல்லாத திண்டுக்கல்லில் பிறந்தவள் நான். அடுத்த வாரம் அர்ஜென்டினாவின் உசுவாயாவில் அண்டார்டிகா கப்பல் ஏறுகிறேன். நடுவில் சுமார் 800 கிலோமீட்டர் டிரேக் நீரிணை. கடக்க இரண்டு நாள். அந்த அட்சரேகைகளில் உலகைச் சுற்றிவரும் காற்றையும் அலையையும் தடுக்க நிலமே கிடையாது.

ஆட்டம் குறைவான கீழ்த்தளத்தின் நடு அறையைக் கேட்டு வாங்கினேன். டாக்டர் தந்த குமட்டல் மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிடவும் கூடாது. நடக்கையில் ஒரு கை எப்போதும் கம்பியில்.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டும்போது அம்மா சொல்வாள்: "கிட்டத்துல பாக்காத கண்ணு, தூரத்துல பாரு."

கப்பலிலும் அதேதான். அடிவானத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மா இன்று இல்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இஞ்சி மொரப்பாவோடு அவள் சொல்லும் என்னோடு வருகிறது.