கதவு, கூரை, காணிக்கை

இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்கள் ஏறக்குறைய 16,000. அதில் 12,000-க்கு மேல் அரசின் பாதுகாப்புப் பட்டியலில்.

பட்டியலில் சேர்ப்பது அரசு. கூரை மாற்றுவது சபை.

சபை என்றால்? சின்ன ஊர்களில் ஞாயிறு காலை வருகிற பத்துப் பதினைந்து பேர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். கணக்கு ஒருவர், பூ ஒருவர், கல்லறைத் தோட்டத்துப் புல் ஒருவர்.

எல்லாரும் ஆலய வரி கட்டியே தீரவேண்டும் என்ற கட்டாயம் 1868-ல் ஒழிந்தது. அதற்கு முன் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. வேறு சபைக்காரர்கள். போகாத ஆலயத்துக்கு ஏன் கட்டவேண்டும் என்று கேட்டார்கள்.

வரி போனது, ஊராரின் உரிமை போகவில்லை. ஊர் எல்லைக்குள் குடியிருந்தால் போதும், ஒரு ஞாயிறுகூட எட்டிப்பார்க்காதவர் அங்கே கல்யாணம் செய்துகொள்ளலாம். தோட்டத்தில் இடமிருந்தால் அங்கேயே அடக்கம்.

ஆஸ்டன் கான்ட்லோ. வாரிக்‌ஷயரில் ஒரு கிராமம். ஷேக்ஸ்பியரின் அப்பா அம்மாவுக்கு இந்த ஆலயத்தில்தான் கல்யாணம் நடந்தது என்பார்கள்.

இடைக்கால வழக்கம் இது: ஜனங்கள் உட்காரும் பகுதியை ஊர் பழுதுபார்க்கும். பீடம் இருக்கும் பகுதி, தசமபாகம் வாங்குகிற ரெக்டரின் பொறுப்பு. பல ஊர்களில் மடமே ரெக்டர். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். மடங்களின் நிலமும் தசமபாக உரிமையும் கைமாறின. பழுதுபார்க்கும் கடமையும் கூடவே போனது. வாங்கினவர் கையிலிருந்து பேரன் கைக்கு, அங்கிருந்து இன்னொருவர் கைக்கு.

1990-களில் அந்த ஊரில் ஒரு தம்பதி. பெற்றோர் வழி வந்த பண்ணை. ஆலயத்திலிருந்து நோட்டீஸ்: பீடப் பகுதியைப் பழுதுபார்க்க 95,000 பவுண்டுக்கு மேல் ஆகும், நீங்கள் தரவேண்டும். வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. 2003-ல் தோற்றார்கள். செலவோ ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கடைசியில் பண்ணையை விற்றார்கள்.

இன்றும் இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது இந்தக் கடமை உண்டா என்று வக்கீல் தனியாகத் தேடிப் பார்ப்பார். இதற்கென்றே இன்சூரன்ஸ் விற்கிறது. பார்த்தே இராத ஒரு கூரைக்கு.

ஈயம். பழைய ஆலயக் கூரைகளில் ஈயத் தகடு. உலோக விலை ஏறினால் கூரை இறங்கிவிடும். இரவோடு இரவாக உரித்துக்கொண்டு போகிறார்கள். மழை வந்த பிறகுதான் சில ஊர்களில் தெரிகிறது.

ஆலயத்தைப் பகலில் பூட்டாதீர்கள் என்று இன்சூரன்ஸ்காரர்களே சொல்கிறார்கள். ஆள் நடமாட்டம்தான் காவல். பூட்டிக் கிடந்தால் திருடனுக்கு நிம்மதி.

ஆலயத்துக்குள் தங்கும் வவ்வால்கள் சட்டத்தின் பாதுகாப்பில். விரட்டக்கூடாது, தங்குமிடத்தை அடைக்கக்கூடாது. கல்லறைப் பித்தளைத் தகடுகள்மேல் மூத்திரம் விழுந்து அரிக்கிறது. அந்தத் தகடுகளும் பாதுகாக்கப்பட வேண்டியவை. சனிக்கிழமை துடைப்பத்தோடு வருபவர் இரண்டு பாதுகாப்புக்கும் நடுவில் நிற்கிறார்.

புது வீடு கட்டினால் வாட் வரி இல்லை. பழைய ஆலயத்தைப் பழுதுபார்த்தால் 20 சதவீதம். 2001-லிருந்து அரசு ஒரு திட்டம் வைத்து வரியைத் திருப்பித் தந்தது. 2025 ஏப்ரலில் வரம்பு வந்தது: ஓர் ஆலயத்துக்கு அந்த நிதியாண்டில் 25,000 பவுண்டு வரைதான் தந்தார்கள்.

பெரிய வேலையென்றால் அது சாரம் கட்டவே காணாது.

வில்லியம் மாரிஸ் 1877-ல் சங்கம் தொடங்கியது பழைய கட்டடங்களைக் காப்பாற்ற. யாரிடமிருந்து? புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியவர்களிடமிருந்து. அந்தச் சங்கம் இன்றும் விடாமல் சொல்வது: மழைநீர்ப் பீலியில் அடைத்திருக்கும் இலையை எடுங்கள்.

எழுபது வயதில் யார் ஏணி ஏறுவது?

வெஸ்ட்மின்ஸ்டர் அபே நேரடியாக அரசரின் கீழ். ஆனால் அரசுப் பணம் இல்லை, திருச்சபைப் பணமும் இல்லை. சுற்றிப் பார்க்க டிக்கெட். மாலை வழிபாட்டுக்கு டிக்கெட் இல்லை. வாசலில் நிற்பவருக்கு இரண்டு வரிசை. வருகிறவர் ஜெபத்துக்கு வருகிறாரா, காசை மிச்சம் பிடிக்கவா, எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடிக்க முயல்வதில்லை என்றே நினைக்கிறேன்.

டர்ஹாம் பேராலயத்தில் கட்டாயக் கட்டணம் கிடையாது. காணிக்கை கேட்பார்கள்.

ரோம், பான்தியன். அதுவும் ஆலயம்தான். 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வந்தது. வசூலில் 70 சதவீதம் அமைச்சகத்துக்கு, 30 மறைமாவட்டத்துக்கு. பூசைக்கு வருபவர் தர வேண்டாம்.

பாரிஸ், நோத்ருதாம். 1905 சட்டப்படி கட்டடம் அரசுடையது, உள்ளே வழிபாடு திருச்சபையுடையது. 2019-ல் தீ. குவிந்த நன்கொடை 80 கோடி யூரோவுக்கு மேல். 2024-ல் கலாச்சார அமைச்சர் ரஷிதா தாத்தி ஒரு யோசனை சொன்னார்: சுற்றுலா வருபவரிடம் 5 யூரோ வாங்கி, நாட்டின் மற்ற ஆலயங்களைப் பழுதுபார்க்கலாமே. வீட்டுக்காரர் கேட்டார், குடியிருப்பவர் முடியாது என்றார். நுழைவு இலவசமாகவே தொடர்கிறது.

இங்கிலாந்தில் 1957-ல் ஐவர் புல்மர்-தாமஸ் தொடங்கிய அமைப்பு, நண்பரற்ற ஆலயங்களின் நண்பர்கள். முன்னாள் எம்.பி. அவர். டி.எஸ். எலியட்டும் ஆரம்பத்தில் கூட இருந்தார். சபை கைவிட்டவற்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே பெஞ்சுகள் அப்படியே. வழிபாடு அபூர்வம்.

சென்னைக் கோட்டைக்குள் புனித மேரி ஆலயம், 1680. கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முன்னின்று சந்தா வசூலித்துக் கட்டியது. கிளைவின் கல்யாணம் இங்கேதான். குண்டு விழுந்தாலும் தாங்கும்படி தடித்த வளைவுக் கூரை. உரித்து விற்க முடியாது. போகவேண்டுமென்றால் முதலில் கோட்டை வாசலில் போலீஸ் சோதனை. தலைமைச் செயலகம் பக்கத்தில். கல்லறைக் கற்கள் ஆலயத்தைச் சுற்றித் தரையாகக் கிடக்கின்றன. செருப்புக் காலோடு எல்லாரும் மிதிக்கிறார்கள், நானும்.

மறுபடி இங்கிலாந்து. நார்தாம்ப்டன்‌ஷயரில் ஆல்ட்விங்கிள். கவிஞர் டிரைடன் ஞானஸ்நானம் பெற்ற ஆலயம். 2014-ல் அங்கே ராத்தங்கல் தொடங்கியது, காசு கட்டி. மடக்குக் கட்டில். பராமரிப்புக்கு ஒரு வரும்படி.

இன்னொரு வரும்படி கோபுரம். 2018-ல் திருச்சபையும் அரசும் ஒப்பந்தம் போட்டன, கோபுரங்களில் செல்போன், இணைய ஆன்டெனா வைக்க. அதற்கும் முன்பே வாடகைக்கு விட்ட ஊர்கள் உண்டு. ஆன்டெனா வைக்கவும் திருச்சபை நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சிங்ஃபோர்டில் நீதிபதி மறுத்தார், அந்த அலைவழியே ஆபாசப் படமும் போகுமே என்று. மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்தது.