எஞ்சினை மாற்றுறதா, காற்றை ஊதிக் குடுக்கிறதா?

எங்கட வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் இருக்கிறது. அப்பப்பா வாங்கியது. 948 சிசி எஞ்சின், புதுசில் 37 குதிரைவலு. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் அது தாராளம். ஏ9 வீதியால் கொழும்புக்குப் போக வேணும் என்று சித்தப்பா ஆசைப்பட்ட நாளிலிருந்துதான் பிரச்சினை தொடங்கியது.

சித்தப்பாவின் யோசனை, பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ரொயோட்டா 4கே பூட்டுவது. 1290 சிசி. ஐந்து கியர் பொக்ஸும் சேர்த்துப் போடலாம். பெரியம்மாவின் மகன், அண்ணா, அதற்கு நேர் எதிர். "எஞ்சினில கை வைக்காதேங்கோ சித்தப்பா. ஒரு சுப்பர்சார்ஜர் போட்டால் காணும்" என்றார். அப்பா இரண்டு பேருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது எஞ்சின் இல்லை, அவற்ற அப்பா.

அண்ணா சொன்னதை லேசாகத் தள்ள முடியாது. ஒரு எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அந்த அளவு பெற்றோலைத்தான் எரிக்கும். சுப்பர்சார்ஜர் கிராங்கிலிருந்து பெல்ட் மூலம் சுழன்று, காற்றை அமத்தி உள்ளே தள்ளும். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் மாதிரி வேலை செய்யும். மைனருக்கு இது புதுசும் இல்லை; 1950களிலேயே இங்கிலாந்தில் ஷொறொக் சுப்பர்சார்ஜர்களை இந்த எஞ்சினுக்குப் பூட்டியிருக்கிறார்கள். எஞ்சின் இலக்கம் மாறாது, ஆகவே பதிவுப் புத்தகத்தில் திருத்தம் வேண்டாம். பிடிக்காவிட்டால் கழற்றியும் வைக்கலாம். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேணும்.

கேட்கும்போது நானும் அண்ணாவின் பக்கம்தான். பிறகு அம்மாவின் ஒரு கதை ஞாபகம் வந்தது.

1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, உடுப்பெல்லாம் மணம். ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்கள் அதைத் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் குறைந்த அமுக்கம், கிட்டத்தட்ட 7க்கு 1. மோசமான எரிபொருளையும் எஞ்சின் பொறுத்துக்கொண்டது.

சுப்பர்சார்ஜர் போட்டால் அந்தப் பொறுமை போய்விடும். அமத்திய காற்று சூடாகும், சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும், பெற்றோல் நேரத்துக்கு முன்னமே வெடித்துத் தட்டத் தொடங்கும். 92 ஒக்டேன் போதாது, 95 வேணும். கிராங்கைத் தாங்குவது மூன்று பெயாரிங் மட்டும். ஹெட் காஸ்கட்டும் பிஸ்டனும் நல்ல நிலையில் இருக்க வேணும். அறுபது வருஷத்துக்கு மேல் ஓடிக் களைத்த எஞ்சினை முதலில் முழுதாகப் பிரித்துச் செய்யாமல் அதன் தலையில் இந்தப் பாரத்தை ஏற்ற முடியாது. 2022இல் கியூஆர் காட்டி ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கியதை மறந்தவர்களுக்குத்தான் இது சின்ன விஷயம்.

இன்னொன்று. சித்தப்பாவின் உண்மையான முறைப்பாடு வலு இல்லை, சத்தம். எங்கட கார் 80இல் போகும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 தடவைக்கு மேல் சுற்றும். சுப்பர்சார்ஜர் ஏற்றத்தில் தள்ளிவிடும், ஆனால் கியர் அதே நாலுதான், சுற்றும் குறையாது. ஐந்தாவது கியர்தான் அதற்கு மருந்து.

அதற்காக எஞ்சின் மாற்றுவது லேசான வேலை இல்லை. மவுண்ட் புதிதாகச் செய்ய வேணும், கியர்பொக்ஸ் இருக்க அடித்தகட்டை வெட்டி ஒட்ட வேணும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேணும், ரேடியேற்றரும் மாறும். ஆனால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கார் நின்றால், கே எஞ்சினைத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணை இருப்பார். சுப்பர்சார்ஜரைத் தெரிந்தவர் இருப்பாரா?

அப்பாவின் மௌனத்துக்கு மட்டும் இதில் பதில் இல்லை. "எஞ்சினை மாத்தினால் அது மொறிஸே இல்லை" என்றார் ஒரு நாள். நான் வாசித்ததைச் சொன்னேன். அலெக் இசிகோனிஸ் மைனருக்கு முதலில் யோசித்தது நாலு சிலிண்டர் படுக்கையாக இருக்கும் வேறொரு எஞ்சின். அது சரிவரவில்லை. 1948இல் கார் வெளிவந்தபோது பழைய மொறிஸ் 8இன் 918 சிசி எஞ்சினைப் பூட்டினார்கள். 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒன்றாக இணைந்தன, அதன்பிறகு மைனருக்குள் ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் போனது. எங்கட 948 அதன் பிள்ளை. அப்பப்பா வாங்கிய "அசல்" எஞ்சினே போட்டிக் கொம்பனியின் எஞ்சின்தான். பொனெற்றுக்குள் இவ்வளவு இடம் இருப்பதும் அந்த வராத எஞ்சினுக்காக ஒதுக்கியது.

அப்பா கனநேரம் பேசவில்லை. பிறகு, "சரி, செய்யுங்கோ. ஆனால் பழசை விக்கக்கூடாது" என்றார்.

உங்கட வீட்டிலும் இப்படி ஒரு காரும் ஒரு வாக்குவாதமும் இருந்தால் ஒன்று சொல்லலாம். எங்கே ஓடப்போகிறது, எந்தப் பெற்றோல் கிடைக்கும், வழியில் நின்றால் ஆர் திருத்துவார் என்று முதலில் கேளுங்கோ. ஊருக்குள் மட்டும் ஓடும், எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும், காசும் இருக்கும் என்றால் அண்ணாவின் வழி பிழையில்லை. தூரம் போக வேணும் என்றால் எஞ்சினை மாற்றுங்கோ.

எதைச் செய்தாலும் முதலில் பிறேக். 1962இல் கொம்பனியே எஞ்சினை 1098 சிசிக்குக் கூட்டியபோது முன் ட்ரம்மையும் 8 அங்குலமாக்கியது. எங்கட கார் இப்ப கராஜில் நிற்கிறது. பிறேக் வேலை நடக்கிறது, எஞ்சின் அதுக்குப் பிறகு.