எட்டுக் கட்டுத் தழை

குரங்குப் பகுதிக்கு வேலை பழக வருகிற பையன்களிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன். கூட்டத்தைப் பார்க்காதே, குரங்கைப் பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஒரு தடுப்புக்கு முன்னால் நூறு பேர் நிற்பார்கள். யார் பையில் முறுக்கு, எந்தக் குழந்தை கையில் பிஸ்கட் என்று நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எங்கோ ஒரு சிப்ஸ் பாக்கெட் கிழிகிற சத்தம் கேட்டால் போதும். பேன் பார்த்துக்கொண்டிருந்தது, குப்புறப் படுத்திருந்தது, குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது எல்லாமே ஒரே பக்கம் தலையைத் திருப்பும். அந்தப் பக்கமாக நடந்தால் நேரே பாக்கெட்டுக்காரர் முன்னால் போய் நிற்கலாம். ஓடக்கூடாது. ஓடினால் பதற்றத்தில் வீசிவிடுவார்.

இதை எனக்குச் சொன்னவர் வாத்தியார். பேர் வேறு, ஆனால் கீப்பர்கள் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய மிருகக்காட்சிசாலை இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். 1855-இல் எழும்பூர் மியூசியத்தில் பால்ஃபர் துரை தொடங்கி, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போன அதே காட்சிசாலை. மிருகங்களோடு மிருகமாக லாரி ஏறி வண்டலூருக்கு வந்தேன் என்று சிரிப்பார். 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தபோது இங்கே மரங்களெல்லாம் இடுப்பு உயரம்கூட இல்லையாம். நான் சேர்ந்தது அதற்குச் சில வருஷம் கழித்து, தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வந்து போய்க்கொண்டு.

பழைய இடத்தில் கம்பிக்கும் ஜனத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது, கையை நீட்டினால் வாயில் வைத்துவிடலாம் என்பார் வாத்தியார். வண்டலூரில் கம்பி போய் அகழி வந்தது. இனிமேல் யாரும் ஊட்ட முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஊட்டினவர்கள் வீச ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். வீசுகிறவனுக்குக் குறி தப்பும், தப்பினது அகழியில் விழும், அதை எடுக்க எட்டிப் பார்க்கிற குட்டி சறுக்கும். பூங்காவுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அகழியில் இறங்கினால் ஒரு சாக்கு நிறையும். பாட்டில் மூடி, ஒற்றைச் செருப்பு, ஐஸ்கிரீம் குச்சி, ரப்பர் பேண்டோடு பொட்டலக் காகிதம், நாணயம். நாணயம் அதிகமாகக் கிடைப்பது முதலைப் பக்கம். உடம்புச் சூட்டைத் தணிக்க அது வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும். உயிரோடு இருக்கிறதா, பொம்மையா என்று சோதிக்கிறார்களாம்.

என் தப்புக்கு வருகிறேன். எனக்கு முதலில் கொடுத்தது கருமந்தி. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் வாழ்கிற இலைதின்னி. நாட்டுக்குரங்கு போலக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு ஓடுகிற ஜாதி இல்லை இது. இதன் இரைப்பை மாட்டின் வயிறு மாதிரி அறை அறையாக இருக்கும். உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைத்துத்தான் சத்தாக்கும். அதில் சர்க்கரையும் மாவும் விழுந்தால் நொதிப்பு தறிகெட்டுப்போய் புளிக்கும், வாயு கட்டும், வயிறு பானை மாதிரி உப்பும். இதெல்லாம் பின்னாடி கற்றுக்கொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவற்றை உள்ளறைக்கு அடைக்க வேண்டும், ஒரு பெண் மந்தி மட்டும் வராமல் அடம் பிடிக்கும், எனக்கு ரயிலுக்கு நேரமாகும் என்பதுதான். அப்போது சைக்கிள் பஞ்சராகிக் கிடந்தது.

ஒரு நாள் பாக்கெட்டிலிருந்த பிஸ்கட்டைக் காட்டினேன். வந்துவிட்டது. மறுநாளும் காட்டினேன். பத்து நாளில், என்னைக் கண்டாலே கதவுப் பக்கம் வந்து உள்ளங்கையை மேலே காட்டி நீட்டும். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. மற்ற கீப்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வாத்தியார் அதன் கையைப் பார்க்கவில்லை. உள்ளறைக்குள் போய்க் குனிந்து, கழிச்சலை ஒரு குச்சியால் கிளறி மோந்து பார்த்தார்.

“இன்னா போட்ட?”

“ஒண்ணும் இல்ல வாத்யாரே.”

“தழை தின்னது இப்படி நாறாது தம்பி. மாவு புளிச்ச வாடை. இன்னா போட்ட, சொல்லு.”

சொன்னேன். திட்டவில்லை. அன்று ராத்திரியே மந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது. டாக்டர் ஐயா வந்து மருந்து கொடுத்தார். இரண்டு நாள் நான் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை அது ஒரு அரச இலையைக் கிள்ளி வாயில் வைத்தபோது வாத்தியார் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டின் கனம் இன்னும் இருக்கிறது.

பிழைத்துவிட்டது. ஆனால் கை நீட்டுவதை விடவில்லை. அதுவரைக்கும் ஜனங்களைச் சட்டைசெய்யாத மந்தி, தடுப்பு ஓரத்தில் வந்து உட்கார்ந்து, நான் கற்றுக்கொடுத்த அதே மாதிரி உள்ளங்கையைக் காட்டியது. பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். “ஐயோ பாவம், பசிக்குது போல, இங்க சரியா சாப்பாடே போடறதில்ல” என்று ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது. பிச்சை எடுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான், கோபம் அவர்கள் மேல்!

வாத்தியாரிடம் முறையிட்டேன், ஜனங்களைத் தடுக்க முடியவில்லை என்று. அவர் கேட்டது வேறு. “நீ எத்தனை கட்டுத் தழை போடற?” காலையில் ஒன்று, மதியம் ஒன்று. “எவ்ளோ நேரத்துல தின்னு முடிக்குது?” எனக்குத் தெரியவில்லை. தின்னும்போது நான் பக்கத்தில் இருந்ததே இல்லை. கட்டைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். மறுநாள் உட்கார்ந்து பார்த்தேன். தளிரையெல்லாம் பொறுக்கித் தின்ன முக்கால் மணி நேரம் ஆகவில்லை. சோலையில் மரத்துக்கு மரம் தாவி, பாதிப் பகலை இலை தேடுவதிலேயே கழிக்கிற பிராணிக்கு முக்கால் மணியில் வேலை தீர்ந்துவிட்டால், மிச்சப் பொழுதுக்கு அது என்ன செய்யும்? ஜனங்களைப் பார்த்து உட்காரும்.

அதே அளவுத் தழையை எட்டுக் கட்டாகப் பிரிக்கச் சொன்னார். தரையில் போடாமல் உயரத்தில், கிளையில் தலைகீழாகக் கட்ட வேண்டும். ஒன்று எட்டுகிற இடத்தில், ஒன்று தாவினால்தான் எட்டும் இடத்தில். அரசு, ஆல், அத்தி, அகத்தி என்று கட்டுக்குக் கட்டு மாற்ற வேண்டும். முடிச்சுதான் கஷ்டம். இறுக்கிக் கட்டினால் மந்தி வெறுத்துவிட்டுப் போய்விடும், தளர்த்திக் கட்டினால் ஒரே இழுப்பில் கட்டு முழுவதும் கீழே கிடக்கும். வாத்தியார் வாழைநாரில் ஒரு முடிச்சுப் போடுவார், ஒரு காம்பு இழுத்தால் ஒரு காம்பு மட்டும் வரும். அவர் விரலைப் பார்த்துப் பார்த்துப் போட்டும் எனக்கு அது பிடிபட ஒரு மழைக்காலம் ஆனது. தழையைக் கட்டும் முன்னால் மோந்து பார்ப்பதையும் அவரிடம்தான் படித்தேன். சாலையோரம் ஒடித்தது என்றால் டீசல் வாடை வரும், தோட்டத்தில் ஒடித்தது என்றால் சில சமயம் மருந்து வாடை. இரண்டும் வேண்டாம்.

இரண்டு மாதத்தில் மந்தி தடுப்போரம் வருவது குறைந்தது. மேலே தொங்குகிற இலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. வேலையாக இருக்கிற பிராணிக்கு யாரும் பிஸ்கட் வீசுவதில்லை. அண்ணாந்து வாயைப் பிளந்து வேடிக்கைதான் பார்க்கிறார்கள். ஜனங்களின் கையைத் தடுக்க நான் கத்தின கத்தலெல்லாம் செய்யாததை அந்த எட்டுக் கட்டு செய்தது.

அதற்காகப் பேச்சே வேண்டாம் என்று இல்லை. காணும் பொங்கல் அன்று எத்தனை கட்டுத் தழை தொங்கினாலும் போதாது. பேசுவதற்கும் பழக்கம் வேண்டும். அப்பாவிடம் சொல்லாதே, பிள்ளையிடம் சொல். பிள்ளை எதிரில் குறை சொன்னால் அப்பா சண்டைக்கு வருவார். “பாப்பா, அது காலையில எத்தனை கேரட் தின்னுச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தால் அப்பாவே பாக்கெட்டை மடித்து வைத்துவிடுவார். “போடாதீங்க” என்பதைவிட, “அது எந்த இலையை முதல்ல கிள்ளுது பாருங்க” என்பது வேலை செய்யும். கொடுக்க வந்த கைக்கு வேறு ஒரு வேலை தர வேண்டும். சட்டம் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் சேர்த்த 38ஜே பிரிவுப்படி, காட்சிசாலையில் மிருகத்தைச் சீண்டினாலும் தீனி போட்டாலும் ஆறு மாதம் வரை சிறை. பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். என் வாயால் அதைச் சொன்னது ஐந்தாறு தடவை இருக்கும், அதுவும் குடித்துவிட்டு வந்தவர்களிடம்.

மான் பக்கம் வேலை செய்பவர்கள் புழுக்கை படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நல்ல புழுக்கை தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளும். களிமண் மாதிரிச் சேர்ந்து கிடந்தால் யாரோ சோறோ ரொட்டியோ போட்டிருக்கிறார்கள். அசைபோடுகிற பிராணியின் முதல் வயிற்றில் மாவுப் பண்டம் அதிகமானால் அமிலம் ஏறிப் படுத்துவிடும். பிளாஸ்டிக் பை அதைவிடப் பொல்லாதது. உப்பு ருசிக்காகத் தின்னும். மேலேயும் வராது, கீழேயும் போகாது, அப்படியே தங்கி, தின்ன இடமில்லாமல் செய்துவிடும். சென்னை ஐஐடி வளாகத்தில் செத்த புள்ளிமான்களை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது பத்திரிகையில் வந்ததுதான். தொட்டியில் மிச்சமான தீவனத்தையும் தினமும் எடை போடுங்கள். திங்கட்கிழமை காலை மிச்சம் கூடியிருந்தால், ஞாயிறு அன்று வெளிச்சாப்பாடு நடந்திருக்கிறது.

ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்கு வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது நெடுங்குன்றம் பக்கம், காப்புக்காட்டுக்கு அருகில். அம்மா தினமும் மதில்மேல் காக்கைக்குச் சோறு வைப்பார். காக்கை தின்றது போக மிச்சத்துக்கு ஒரு நாட்டுக்குரங்கு வந்தது. “சனிக்கிழமையும் அதுவுமா ஆஞ்சநேயரே வந்திருக்கார்” என்று அம்மா வாழைப்பழம் வாங்கி வைத்தார். ஆறு மாதத்தில் பதினைந்து குரங்கு. சமையலறைக் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டன. அடுத்த வீட்டுப் பிள்ளை பஜ்ஜியோடு வாசலில் நின்றபோது ஒன்று பிடுங்க வந்து, பல் பட்டுவிட்டது. குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவி, வெறிநாய்க்கடி ஊசிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பிள்ளையின் அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மாவிடம் வாதாடினேன். “வாயில்லா ஜீவனுக்குப் போடறது பாவமாடா?” என்றார். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கடைசியில் வாத்தியாரின் வழிதான் கைகொடுத்தது. சோறு வைக்காதே என்று சொல்வதை விட்டேன். ஒரு கைப்பிடி மட்டும் வை, காக்கை தின்று முடிக்கிறவரை நீயும் நில், மிச்சத்தை எடு, மதிலைக் கழுவிவிடு என்றேன். நிற்கிற நேரத்தில் எத்தனை காக்கை, எதற்குக் கால் நொண்டி என்று அம்மா எண்ண ஆரம்பித்துவிட்டார். குரங்குகள் சில வாரம் வந்து ஓட்டைத் தட்டிப் பார்த்தன, பிறகு வரவில்லை. பிடித்து வேறு காட்டில் விடச் சொல்லித் தெருவில் ஒரு மனு தயாராகியிருந்தது. விட்டிருந்தால் அங்கே வேறு யார் வீட்டுக் கதவையோ திறந்திருக்கும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூங்காவை மூடி நவம்பரில்தான் திறந்தார்கள். அந்த எட்டு மாதம் நாங்களும் மிருகங்களும் மட்டும்தான். ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல்கூட இல்லை, ஓட்டேரி ஏரிப் பறவைச் சத்தம் குரங்குப் பகுதிவரை கேட்டது. சாலையோரம் சுற்றுகிற நாட்டுக்குரங்குக் கூட்டத்தில் ஒரு கிழட்டு ஆண், ஜனங்கள் வழக்கமாகப் பொட்டலம் பிரிக்கிற சிமெண்ட் பெஞ்சுக்குப் பதினொரு மணிக்கு வந்து உட்காரும். யாரும் இல்லாத பெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் கழித்துப் போகும். மே மாதம்வரை வந்தது. ஒருநாள் வரவில்லை. தேடிப் போனேன், உடம்புக்கு ஏதாவதோ என்று. சற்று உள்ளே ஒரு நாவல் மரத்தில், ஊதா வாயோடு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தது, இறங்கவில்லை.

நான் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. பழக வேண்டும் என்கிறவர்கள் செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். முதலில் எண்ணிக்கை, அப்புறம் அகழி. சாக்கு நான் வைத்திருக்கிறேன். முட்டிவரை ரப்பர் பூட்ஸ் வேண்டும், கண்ணாடிச் சில்லு கிடக்கும். வாழைநார் கொஞ்சம் ஊறப்போட்டிருக்கிறேன், முடிச்சை மதியம் பார்த்துக்கொள்ளலாம்.