சுதி சேர்த்தல்

அப்பா மணலியில் ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1969இல் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிய பின் அதைச் சுற்றி எழுந்த ஆலைகளில் ஒன்று அது. இரவுப் பணி முடித்துத் திருவொற்றியூர் வீட்டுக்குள் அவர் நுழைகையில் சட்டையில் கந்தக வாடை வரும். நான் தொல்காப்பிய நூற்பாக்களை உருப்போட்டுக்கொண்டிருப்பேன். அவர் வேலை எனக்குப் புரிந்ததில்லை. புரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

சென்ற மாதம் கருவியியல் மாணவன் ஒருவன் 'டியூனிங்'குக்குத் தமிழ்ச்சொல் கேட்டு வீட்டுக்கு வந்தான். 'சுதி சேர்த்தல்' என்றேன், சற்றுப் பெருமையோடு.

"சுதின்னா சரியான இடம் ஒண்ணுதானே ஐயா? இதுல அப்படி இல்லையே."

முன்கணிப்புக் கட்டுப்படுத்தி என்பது, வால்வை இவ்வளவு திருப்பினால் அரைமணியில் வெப்பம் எங்கே நிற்கும் என்று ஆலையின் கணித மாதிரியைக் கொண்டு முன்கூட்டிப் பார்ப்பதாம். பல அடிகளைத் திட்டமிட்டு முதல் அடியை மட்டும் வைக்கும். பிறகு மறுபடி கணக்கு. 1970களில் ஷெல் நிறுவனத்தில் கட்லர் முதலானோர் வளர்த்த முறை. எத்தனை தூரம் முன்னே பார்ப்பது, வால்வை அசைக்க எவ்வளவு தயங்குவது என்னும் எண்களைக் கணினியே மாதிரியில் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்துகொள்வதுதான் அவன் ஆய்வு.

சாய்வு நாற்காலியிலிருந்து அப்பா கேட்டார்: "ஆடவிட்டுப் பாக்க வேணாமா?"

முள் ஒரே சீராக ஊசலாடும் வரை ஏற்றி, பின் ஏறக்குறைய பாதிக்கு இறக்குவது, சீக்ளரும் நிக்கல்சும் 1942இல் வெளியிட்ட வழி. அப்பாவுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. கை அறியும்.

"மழை வந்தா?"

ஐப்பசி மழை சட்டென்று கோபுரத்தின்மேல் இறங்கினால் உள்ளே ஆவி குளிர்ந்து எல்லாம் குலையுமாம்.

"அளந்து குடுத்தா அதையும் சேத்துக்கும் தாத்தா. ஆனா தரமா, எரிபொருள் மிச்சமா, எதுக்கு எவ்வளவு மதிப்புன்னு நாமதான் சொல்லணும்."

"எங்களுக்கு யாரும் சொல்லல தம்பி."

அப்படியொரு மழை இரவில் அப்பா தானியங்கியை நிறுத்தி, உற்பத்தியைக் குறைத்து, கையாலேயே ஓட்டியிருக்கிறார். அதற்கு மெமோ வந்தது. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அது. அந்தத் தாளைப் படித்துவிட்டு, அப்பா ஏதோ கவனக்குறைவாக இருந்திருக்கிறார் என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

சொல் இன்னும் அகப்படவில்லை. வரும் ஞாயிறன்று மாணவன் மறுபடி வருகிறான், அப்பாவைப் பார்க்க.