பூட்டின வீடு

ஒரு மாசமா ஆளைக் காணோமேன்னு யாராவது தேடினீங்களா? தேடலைன்னாலும் தேடினதா வச்சுக்கறேன் :-) அப்பா, அம்மா, நான் மூணு பேரும் காசிக்குப் போயிட்டு வந்தோம். ரயில்ல இல்லை, வேன்ல. மொத்தம் 24 நாள்.

வெளிநாட்டுல கேரவன்னு வீட்டையே வண்டியில வச்சு ஓட்டிக்கிட்டுப் போவாங்களே, அதோட உத்தமபாளையம் பதிப்பு எங்களுது. அப்பா ஒரு பழைய வேனை வாங்கி, பின்சீட்டைக் கழட்டிட்டு, பலகை அடிச்சு மெத்தை போட்டார். அஞ்சு கிலோ சிலிண்டர், ஒத்தை அடுப்பு, குக்கர், ரெண்டு தண்ணி கேன், அரிசி மூட்டை, அம்மாவோட ஊறுகாய் ஜாடி. அவ்வளவுதான் வீடு. சமையல்காரரையும் சாமான்களையும் ஏத்திக்கிட்டு காசி, கயான்னு கிளம்புற டூரிஸ்ட் பஸ்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. அது போட்ட குட்டி இது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அப்பா முப்பது வருசம் லாரி ஓட்டினவர். போடியில ஏலக்காய் மூட்டை ஏத்திக்கிட்டு வடக்க போவார். காசியில ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும் 2,369 கிலோமீட்டர் ஓடின பழைய 7-ம் நம்பர் ரோடு அவருக்கு எங்க தெரு மாதிரி. 2010-ல நம்பரையெல்லாம் மாத்தினப்ப அதுல பெரும்பகுதி 44 ஆயிடுச்சு. "கவர்மெண்டுக்கு 44. எனக்கு ஏழுதான்"ம்பார்.

அவர் போயிட்டு வர்ற வரைக்கும் அம்மா வீட்ல இருப்பாங்க. நடுராத்திரியில தெருமுனையில ரெண்டு ஹாரன் கேட்கும். அம்மா எந்திரிச்சு லைட்டைப் போட்டு, கதவைத் திறந்து, ஒரு சொம்புத் தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பாங்க. நாங்க பாதித் தூக்கத்துல புரண்டு படுப்போம். வீடு திரும்புறதுன்னா எனக்குத் தெரிஞ்சது அதுதான். ரெண்டு ஹாரன், ஒரு சொம்புத் தண்ணி.

"அந்த ரோட்டை ஒரு தடவை உங்க அம்மாவுக்குக் காட்டணும்ப்பா"ன்னு திடீர்னு போன தீபாவளிக்கு ஆரம்பிச்சார். அம்மா அதிகபட்சம் போனது மதுரை, பழனி, திருச்செந்தூர். சரின்னு நானும் லீவு போட்டேன்.

போன கதையை அப்புறம் எழுதறேன். இது திரும்பி வந்த கதை.

வரும்போது அம்மா ஆறுகளை எண்ணிக்கிட்டே வந்தாங்க. ஜபல்பூர்ல நர்மதை, நிர்மல் பக்கத்துல கோதாவரி, பீச்சுப்பள்ளியில கிருஷ்ணா, கர்னூல்ல துங்கபத்திரை. ஒவ்வொரு பாலத்துலயும் ஜன்னல் வழியா ஒரு ரூபாய்க் காசு. சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவுல பென்ச் காட்டுல, கீழே புலியும் மானும் போறதுக்காக ரோட்டைத் தூண் மேல தூக்கி விட்டிருக்காங்க. அப்பா அங்க வண்டியை உருட்டிக்கிட்டே, "முன்னாடி ராத்திரில இங்க நாலஞ்சு லாரியாச் சேர்ந்துதான் போவோம்"னார். அம்மா ஒண்ணும் பேசலை. இம்புட்டு வருசம் இந்தாளு இதுக்குள்ளயா போயிட்டு வந்தாருன்னு பார்த்த பார்வை அது.

ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கலை. சாயங்காலம் அஞ்சு மணியானா போதும், அப்பா பெட்ரோல் பங்க் தேட ஆரம்பிச்சிருவார். ராத்திரி ஓட்டியே பேர் வாங்கின மனுசன்! கேட்டா, "உங்க அம்மாவுக்கு முதுகு வலிக்கும்ல"ம்பார். அம்மாவும் பின்னாடி இருந்து "ஆமாப்பா, வலிக்குது"ம்பாங்க. நான் ஓட்டுறேன்னு ரெண்டு தடவை கேட்டேன். "நீ போய் கம்ப்யூட்டரை ஓட்டு"ன்னுட்டார்.

கடைசி நாள் கிருஷ்ணகிரியில இருந்து விடியக்காலையில கிளம்பினோம். மதியச் சாப்பாட்டுக்கு வீடுன்னு கணக்கு. பரமத்தி வேலூர்ல காவிரியைப் பார்த்ததும் குளிச்சே ஆகணும்னு அம்மா இறங்கிட்டாங்க. கரூர் தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலயும் காத்து இல்லை. திண்டுக்கல் வரும்போதே அஞ்சரை ஆயிடுச்சு. அன்னிக்குத்தான் அப்பா பங்க் தேடலை. இன்னும் நூறு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போயிருவோம்னு மூணு பேருக்கும் ஒரே நினைப்பு.

வத்தலக்குண்டு தாண்டினதும் நல்லா இருட்டிருச்சு. கொடைக்கானலுக்குப் பிரியுற காட்ரோட்டுல ஒரு டீக்கடை ஓரமா அப்பா வண்டியை நிறுத்தினார். டீ குடிக்கத்தான்னு நினைச்சேன். இறங்கிச் சுத்தி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, சாவியை நீட்டினார்.

"எதிர்ல வர்ற லைட்டெல்லாம் வெடிச்ச மாதிரி தெரியுதுப்பா. ரோடு எங்கிட்டு முடியுதுன்னே தெரியலை."

"எத்தனை நாளா?"

அவர் சொல்லலை. பின்னாடி இருட்டுல இருந்து அம்மா சொன்னாங்க. "ஒண்ணரை வருசமா. கண்ணு நல்லா இருக்கும்போதே எனக்குக் காட்டிரணும்னாரு. உங்கிட்ட சொன்னா விடமாட்டேன்னாரு."

முதுகு வலி யாருக்குன்னு அப்பத்தான் புரிஞ்சது.

அறுபது கிலோமீட்டர் சொச்சம் நான் ஓட்டினேன். அப்பா இடது பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தார். ஆனா எந்த இடத்துல வேகத்தடை, எங்க வளைவுன்னு முன்கூட்டியே சொல்லிட்டார். பெரியகுளம், தேனி, வீரபாண்டி, சின்னமனூர். வழியில வயக்காட்டு ஈரக் காத்து உள்ள வந்துச்சு. பென்னிகுக் 1895-ல கட்டி முடிச்ச அணையில இருந்து, மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பின தண்ணியோட காத்து. "நம்ம ஆத்துக்குக் காசு போடலையா?"ன்னேன். "நம்ம ஆத்துக்கு எதுக்குப்பா காசு"ன்னாங்க அம்மா.

எங்க தெருமுனையில திரும்பினதும், அப்பா சட்டுன்னு கையை நீட்டி ஸ்டியரிங்ல ரெண்டு ஹாரன் அடிச்சார். பழக்கதோசம். வீடு இருட்டா இருந்துச்சு. யாரும் லைட்டைப் போடலை. கதவும் திறக்கலை. தெரு நாய் மட்டும் ஒரு தடவை குரைச்சுட்டு அடங்கிருச்சு.

"ஏங்க, நான் இங்கல்ல இருக்கேன்"னாங்க அம்மா.

மூணு பேரும் சிரிச்சோம். ஆனா அந்தப் பூட்டின கதவைப் பார்த்தப்ப எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. முப்பது வருசம் அந்தக் கதவைத் திறக்க உள்ள ஒரு ஆள் இருந்தாங்க. ஒரு நாள் ரெண்டு ஹாரன் அடிச்சும் இப்படியே இருட்டாக் கிடக்கும் இல்லையா, அந்த நினைப்புதான்.

சாவியை அரிசி மூட்டைக்குள்ள இருந்து தோண்டி எடுத்தாங்க அம்மா. முதல்ல அவங்கதான் உள்ள போனாங்க. லைட்டைப் போட்டாங்க. குழாயில தண்ணி வரலை போல. திரும்ப வேனுக்கு வந்து, கேன்ல மிச்சமிருந்த தண்ணியைச் சொம்புல பிடிச்சு, வாசல்ல நின்னுக்கிட்டிருந்த அப்பாகிட்ட கொடுத்தாங்க. முதல் தடவையா எனக்கும் ஒரு டம்ளர் கிடைச்சது. வண்டி ஓட்டினவனுக்கு :-)

மறு வாரம் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையில காட்டினோம். ரெண்டு கண்ணுலயும் புரை. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிஞ்சது. இன்னொண்ணு அடுத்த மாசம். "அதுக்கப்புறம் ராத்திரி ஓட்டலாம்ல?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். வேன் சாவி இப்போதைக்கு அம்மாகிட்ட, அரிசி மூட்டைக்குள்ள.

உங்க வீட்லயும் அஞ்சு மணிக்கே வண்டியை ஓரங்கட்டுற அப்பா யாராவது இருந்தா, முதுகு வலின்னு சொன்னா நம்பாதீங்க மக்களே.